மதினிக்கு நான் கொடுத்த செல்லம்

இங்கிலாந்தில், நியூகாசிலில் பேருந்து ஓட்டுநர்கள் என்னை 'பெட்' என்று கூப்பிடுகிறார்கள். ஏறி அட்டையைக் காட்டினால் 'தேங்க்ஸ், பெட்'. மழையில் நனைந்துகொண்டு நின்றால் 'உள்ளே வா, பெட்'. மீன் வறுவல் கடைக்காரர், தபால் கொண்டுவருகிறவர், பல் மருத்துவரின் வரவேற்பறைப் பெண் என்று நான் இன்னார் என்றே தெரியாதவர்கள் எல்லாம் என்னைச் செல்லமே என்கிறார்கள். வந்த புதிதில் எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் பெட் என்றால் நாய், கிளி, தொட்டி மீன். அதை விட்டால் வகுப்பில் டீச்சரிடம் கோள் சொல்லி நல்ல பெயர் வாங்குகிற பிள்ளை. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் எந்தக் கண்டக்டராவது ஒரு பெண்ணைப் பார்த்துச் செல்லம் என்று சொல்லிவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர முடியுமா? அங்கே 'யக்கா, உள்ள தள்ளி நில்லுக்கா' என்பதே பெரிய அன்பு. போகப் போகத்தான் புரிந்தது, இங்கே அந்தச் சொல்லுக்கு எடை கிடையாது. சொன்னவரும் மறந்துவிடுவார், கேட்டவரும் மறந்துவிட வேண்டும். எனக்கு மறக்கத்தான் வராது. செல்லம் என்ற சொல்லால் ஒருவர் மூன்று வருடம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். அதை நான் எப்படித் திருப்பிக் கொடுத்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஊரில் இருந்து படிக்கிறவர்களும், என்னைப் போலப் பிள்ளையை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும், படித்து முடித்தபின் என்னை நல்லவள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர் என் வீட்டுக்காரரின் அக்கா, கிரேஸ் மதினி. சிம்மக்கல்லிலிருந்து வைகைப் பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, வலது கையில் கடிகாரம், பேச்சில் ஒரு பிசிறு இருக்காது. தெருவில் கீரை விற்கிறவர்கூட அவரிடம் விலை சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். என் வீட்டுக்காரர் கத்தாரில் வேலை செய்கிறார். நான் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். வெளிநாட்டுக்குப் போக ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மதினிதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சொற்களைப் பிரித்துக் காட்டுவதில் அவருக்குத் தனி ருசி. ஒரு சாயங்காலம் அன்பு காட்டும் சொற்களை எடுத்து வைத்துக்கொண்டார்.

"பேம்பர்னா ஒரு ஆளைச் சொகுசா வச்சுக்கிறது. நல்ல சாப்பாடு, நல்ல மெத்தை. அதுல தப்பில்ல. அதே சொகுசைக் குடுத்துக் குடுத்து ஆளைக் கெடுத்தா அது ஸ்பாயில். கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னா இன்டல்ஜ். டோட்னா பைத்தியம் புடிச்ச மாதிரி ஒருத்தர் மேல உசிரா இருக்கிறது. அதுக்குக் கண்ணு தெரியாது."

"அப்ப செரிஷ், மதினி?"

"அது மனசுக்குள்ள பொத்தி வச்சுக்கிறது. கை ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்ல."

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உதாரண வாக்கியம் எழுதிக் காட்டினார். எல்லா வாக்கியத்திலும் என் மகள் ரூபிதான் இருந்தாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. மதினியின் மடியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி, 'ரூபி மேல் நான் டோட் செய்கிறேன்' என்று மதினி எழுதிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். தேர்வில் அந்தச் சொற்கள் ஒன்றுகூட வரவில்லை, ஆனாலும் தேறிவிட்டேன்.

ஆறு மாதத்தில் ரூபியைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இங்கே முதியோர் இல்லத்தில் கேரர் வேலை. நர்ஸ் படித்தவள் என்றாலும் இந்த நாட்டில் பதிவு கிடைக்கும்வரை கேரர்தான். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது. வீடு அமைந்தபோது வேலை நிலையாக இல்லை. வேலை நிலைத்தபோது விதி மாறிவிட்டது. கேரராக வந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது என்றார்கள். யாருடைய அப்பா அம்மாவையோ நான் இங்கே குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், என் பிள்ளையை அங்கே மதினி குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். இதில் அவர் தப்பு எதுவுமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ரூபிக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கிடந்தவர் மதினிதான். வெளிநாட்டில் இருக்கும் எத்தனையோ அம்மாமார்களுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. என் கோபம் அதில் இல்லை.

என் கோபம் போனில் இருக்கிறது. எனக்கு மத்தியானம் மூன்று மணிக்கு இடைவேளை. மதுரையில் அப்போது ரூபி சாப்பிடும் நேரம். வீடியோவில் கூப்பிட்டால் திரையில் முதலில் தெரிவது மதினியின் வலது கை; கடிகாரம் கட்டிய கை. அதில் நெய் போட்டுப் பிசைந்த பருப்புச் சோற்று உருண்டை. அடுத்து ரூபியின் வாய். "ரூபிம்மா, அம்மா பேசுறேன்" என்பேன். அவள் பேச வாயெடுப்பாள், உள்ளே ஓர் உருண்டை போகும். "வாயில வச்சுக்கிட்டுப் பேசக் கூடாது செல்லம், புரையேறும்" என்று மதினியின் குரல் வரும். உருண்டை இறங்குவதற்குள் அடுத்தது தயாராக இருக்கும். சரி, சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவது நம் தப்பு என்று நேரத்தை மாற்றினேன். விடுமுறை நாளில் இங்கே காலையில் கூப்பிட்டால் அங்கே மத்தியானச் சோறு. இங்கே மத்தியானத்துக்கு முன்னால் கூப்பிட்டால் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்குப் பணியாரம். இந்த ஊரில் வெள்ளென எழுந்து கூப்பிட்டால் மாதுளம்பழத்தை முத்து முத்தாக உதிர்த்து ஊட்டிக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்திலும் மதிய இடைவேளையில் ரூபியை ஆசிரியர் அறைக்குக் கூட்டிவந்து பீரோவின் மறைவில் உட்காரவைத்து ஊட்டுகிறார் என்று அவரே பெருமையாகச் சொன்னார். என் மகள் இத்தனையும் தின்றிருந்தால் இந்நேரம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றிருப்பாள். அவள் என்னவோ ஈர்க்குச்சி போலத்தான் இருந்தாள். நான் கூப்பிடும்போது மட்டும் அவள் வாய் நிறைந்திருந்தது.

"மதினி, பேசி முடிச்சிட்டு ஊட்டுங்களேன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"ஆறிப்போகும்ல" என்றார்.

இன்னொரு நாள் பொறுக்க முடியாமல், "அவளே எடுத்துச் சாப்பிடப் பழக்குங்க மதினி, ஆறு வயசாகப் போகுது. இம்புட்டு ஸ்பாயில் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டேன். தப்பான விடைத்தாளைப் பார்ப்பது போலத் திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, நன்றாகப் புரியும்படி, வகுப்பில் சொல்வது போலச் சொன்னார். "ஸ்பாயில் பண்றதுக்கும் பக்கத்துல ஒரு கை வேணும் எஸ்தர். நீ அங்க இருந்து செரிஷ் பண்ணு. அது உனக்கு வசதி." ரூபி மென்றுகொண்டே இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்துவிட்டு இல்லத்தின் கழிப்பறையில் போய் நின்றேன். அழுதேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அழுகை வரவில்லை. கண்ணாடியைப் பார்த்து, அந்தக் கைக்கு ஒருநாள் வேலை இல்லாமல் செய்கிறேன் பார் என்று சொன்னேன். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் ஒரு பாட்டிக்குச் சூப் ஊட்டினேன்.

அதற்கான வழியை இந்த ஊர்க்காரர்களே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் இல்லத்தில் மிஸ்டர் ராப்சன் என்று ஒரு பெரியவர் இருந்தார். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். கை நடுங்கும். சட்டைப் பொத்தான் ஒன்றைப் போட அவருக்கு ஆகும் நேரத்தில் நான் இரண்டு படுக்கையை விரித்துவிடுவேன். பாவமாக இருந்தது. ஒருநாள் குனிந்து எல்லாப் பொத்தானையும் நானே மாட்டிவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, முதலிலிருந்து தொடங்கினார். "டோன்ட் மாலிகாடில் மீ, பெட்" என்றார். மதினி சொல்லித்தராத சொல். எங்கள் மேற்பார்வையாளர் டெனிஸிடம் போய்க் கேட்டேன். டெனிஸ் அறுபதை நெருங்கும் பெண், சாயம் பூசிய சிவப்பு முடி, உரத்த குரல். பேம்பர் என்பதை உனக்கு நீயே செய்துகொள்ளலாம், ஒரு நல்ல குளியல், ஒரு நல்ல சாக்லேட்; மாலிகாடில் என்பது பயத்தில் அடுத்தவருக்குச் செய்வது, அவரால் முடியாது என்று நீயே முடிவு கட்டிவிடுவது என்றாள். நீ அவருக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு மாதத்தில் அவர் விரல் மறந்துவிடும், அப்புறம் உன்னாலும் திருப்பித் தர முடியாது என்றும் சொன்னாள். ஸ்பாயில் என்றால் என்ன என்று கேட்டேன். முகமெல்லாம் மலர, தன் பேரப்பிள்ளைகளை 'ஸ்பாயில் ராட்டன்', அதாவது அழுகிப்போகும் அளவுக்குக் கெடுப்பதாகச் சொன்னாள். நான் உண்மையாகவே வருத்தப்பட்டு, 'ஐ ஆம் சாரி' என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் மருந்து வண்டி ஆடியது. பிள்ளையைக் கெடுப்பதை இவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

இன்னொன்றும் டெனிஸ்தான் சொன்னாள். பிறருக்கு ஊட்டுகிறவர்களுக்குக் கை முன்னால் போகும்போது அவர்களையும் அறியாமல் வாய் திறந்துகொள்ளும். நான் மிஸ்டர் ராப்சனுக்குக் கஞ்சி கொடுக்கும்போது என் வாயும் திறக்கிறது என்று அவள் காட்டிச் சிரித்தாள். அவருக்கு உடம்பு முடியாத நாட்களில்கூடக் கரண்டியை நாங்கள் தனியாகப் பிடிக்கக் கூடாது. அவர் கையில் கரண்டியைக் கொடுத்து, அந்தக் கையின் மேல் எங்கள் கையை வைத்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். தூக்குவது நாங்கள்தான், ஆனால் சாப்பிடுவது அவர். நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டபோது நல்ல கேரர் ஆக வேண்டும் என்ற எண்ணம் பாதிதான். மீதி எண்ணம் சிம்மக்கல் சந்துக்குள் இருந்தது.

நர்ஸாகப் பதிவு கிடைத்தது. ரூபிக்கு விசாவும் வந்தது. ஆறு வார விடுப்பில் மதுரைக்குப் போனேன். கோடை விடுமுறை நேரம், வெயில் மண்டையைப் பிளந்தது. கதவைத் திறந்தவள் ரூபி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள். திரும்பிப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்கு வருகிறவர்களை எப்படி வரவேற்க வேண்டும் என்று மதினி நன்றாகத்தான் பழக்கியிருந்தார். அந்தத் தண்ணீரை நான் நின்றுகொண்டே குடித்தேன். உள்ளே நாற்காலியில் மதினி உட்கார்ந்திருந்தார். அவர் கையில் கடிகாரம் இல்லை. பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்ததாம். அந்த வாரம்தான் மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். எனக்குச் சொல்லவே இல்லை; கடைசி ஒன்றரை மாதமாக நெட் சரியில்லை என்று வீடியோ இல்லாமல் பேசியது இதற்குத்தான். கை மெலிந்து, தோல் வறண்டு கிடந்தது. "பதறாத, ஒண்ணுமில்ல. வேல செய்யச் செய்யச் சரியாயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பந்த அமுக்கணுமாம், மாவு பிசையணுமாம், துணி பிழியணுமாம்" என்றார். அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து மேசையில் இருந்தது. நான் அந்தக் கையை வாங்கிப் பார்த்தேன். நர்ஸின் கண்ணோடுதான் பார்த்தேன். இப்போதிருந்து நன்றாக வேலை கொடுத்தால் பழையபடி வரும், சும்மா வைத்தால் இறுகிவிடும். என் மனசுக்குள் ஒரு கதவு திறந்தது. "மதினி, இனி நீங்க ஒரு துரும்பையும் நகர்த்தக் கூடாது. நான் எதுக்கு இருக்கேன்" என்றேன்.

அன்றிலிருந்து அவரைத் தாங்கினேன். அப்படி ஒரு தாங்கு. காலையில் அவர் எழுந்திருக்கும் முன்பே காப்பி கட்டிலுக்கு வந்துவிடும். தோசை மாவை அவர் கரைக்கப் போனால் கரண்டி என் கையில் இருக்கும். துணியைத் தொட்டால் வாளி என் இடுப்பில் இருக்கும். அவருக்குச் சேலை கொசுவம் வைத்துவிட்டேன், தலை வாரிவிட்டேன், மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய் மல்லிகை வாங்கிவந்து தொடுத்து வைத்துவிட்டேன். ரப்பர் பந்தை ரூபி எடுத்துத் தெருவில் எறிந்து விளையாடினாள். நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மணிக்கட்டுக்கான பயிற்சிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். நியூகாசிலில் தினமும் யாருக்காவது சொல்லிக்கொடுக்கிறேன். மதினிக்கு ஒன்றைக்கூடச் சொல்லித்தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சர், எம்புட்டுக் குடுத்து வச்சவங்க நீங்க. வெளிநாட்டுல இருந்து வந்து இப்படித் தாங்குறாளே" என்றார்கள். "ஆமா, என்னைய ரொம்பப் பேம்பர் பண்றா" என்றார் மதினி, என்னைப் பார்க்காமல். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை வருடத்தில் சபையில் யாரும் என்னை அந்த அளவுக்குப் புகழ்ந்ததில்லை.

ரூபிதான் எளிதில் மசியவில்லை. முதல் இரண்டு நாள் தட்டைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்துவைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "அத்தை ஊட்டினாத்தான்" என்றாள். நான் ஊட்டவில்லை. ஊட்டினால் மதினிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவள் பின்னால் உட்கார்ந்து, அவள் கையைச் சோற்றில் வைத்து, அதன் மேல் என் கையை வைத்தேன். இரண்டு கையும் சேர்ந்து பிசைந்தன. மிஸ்டர் ராப்சனுக்குச் செய்வது போலவேதான். அவளுக்கு உருண்டை பிடிக்கத் தெரியவில்லை. விரலிடுக்கில் எல்லாம் பிதுங்கி, சட்டையில் விழுந்து, கடைசியில் ஒரு சிறு உருண்டை வாய்வரை போனது. தன் கையால் சாப்பிட்டதில் அவளுக்கே ஆச்சரியம். எதிரில் நாற்காலியில் மதினி பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. ஒருநாள் ரூபிக்குச் சடை பின்ன எழுந்தார். சீப்பு நழுவி நழுவி விழுந்தது.

"குடுங்க மதினி, கை வலிக்கும்" என்று வாங்கப் போனேன்.

"வலிக்கல."

"வலிச்சாலும் சொல்ல மாட்டீங்க நீங்க."

"எஸ்தர், எனக்கு இந்த வேல வேணும்" என்றார். இரண்டாவது முறை கேட்பவர் போலக் குரல் தாழ்ந்திருந்தது. அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பாதிப் பின்னிய சடையோடு ரூபி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். பேசி முடிச்சிட்டு ஊட்டுங்களேன் என்று நான் கேட்ட நாள் ஞாபகம் வந்தது. "இருக்கட்டும் மதினி, ஓய்வெடுங்க" என்று சீப்பை வாங்கிக்கொண்டேன். எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், நாக்கிலேயே இனித்தது.

மூன்றாவது வாரம் ரூபி தானாகவே சாப்பிட்டாள். நான்காவது வாரம் என்னை 'வாங்க' என்று சொல்வதை விட்டுவிட்டு 'ம்மா' என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, பயணத்துக்குத் துணிமணி வாங்கிவிட்டு மத்தியானம் வீடு திரும்பினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே மதினி நாற்காலியில் இருந்தார். அவர் முன்னால் ஸ்டூலைப் போட்டு ரூபி உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. சோற்றைப் பிசைந்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே விரலைக் குவித்து, நல்ல உருண்டையாகப் பிடித்து மதினியின் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உருண்டைக்கும் அவள் வாயும் திறந்து மூடியது. "அத்தைக்குக் கை முடியலைலம்மா, அதான்" என்றாள் என்னைப் பார்த்ததும். என் மகளுக்கு மூன்று வருடம் கழித்து நான் சொல்லிக்கொடுத்த ஒரே காரியம். அவள் கையால் பிடித்த உருண்டையை எனக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. மதினி மென்றுகொண்டே அவள் தலைக்கு மேல் என்னைப் பார்த்தார். வாய் நிறைந்திருந்ததால் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. நான் துணிப் பையை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

கிளம்பிய அன்று வாசலில் கார் நின்றது. ரூபி அழுது அழுது முகம் வீங்கி, பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மதினி அழவில்லை. வாசற்படியில் நின்று இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை சரியாக மடங்கவில்லை. விரலை மூடச் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.

"நல்லா பாத்துக்கிட்ட எஸ்தர்" என்றார். "இது பேம்பரும் இல்ல, ஸ்பாயிலும் இல்ல. ஆறு வாரமா உக்காந்து யோசிச்சேன். இங்கிலீஷ்ல தேட வேண்டாம், நம்ம பாஷையிலயே வார்த்தை இருக்கு. வஞ்சம்."

"உங்ககிட்டப் படிச்சதுதான் மதினி. வாரேன்" என்று சொல்லிக் காரில் ஏறினேன். வண்டி சந்து திரும்பும்வரை ரூபி பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் திரும்பவில்லை. அந்தப் பதிலைச் சொல்லத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன் என்று எனக்குத் தோன்றியது. மறுபடி அந்த வாசலில் நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன்.

இப்போது ரூபி இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். தானே குளிக்கிறாள், ஷூ மாட்டுகிறாள், தானே எடுத்துச் சாப்பிடுகிறாள். வகுப்பில் எல்லாவற்றையும் தனக்குத் தானே செய்துகொள்ளும் பிள்ளை என்று நல்ல பெயர். பேருந்து ஓட்டுநர் இப்போது அவளையும் 'பெட்' என்கிறார். முதல் நாள், "அவங்க நமக்குச் சொந்தமாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பெறகு ஏன் செல்லம்ங்கிறாங்க? அவங்க ஊட்டிவிட மாட்டாங்கள்ல?" என்றாள். இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் என்று சொல்லி வைத்தேன். வீட்டில் என் கையால் ஒரு வாய் கொடுக்கப் போனாலும், "நானே" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். நான் கேட்டதுதானே கிடைத்திருக்கிறது, யாரிடம் போய்ச் சொல்ல?

வாரத்துக்கு இரண்டு தடவை மதினி வீடியோவில் கூப்பிடுகிறார். இங்கே மாலை உணவுக்கு 'டீ' என்று பெயர்; அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார், ஏனென்றால் அப்போதுதான் ரூபி பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள். போன மாதம் ஒருநாள் போன் அடித்தபோது ரூபி மேசையில் பருப்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்தேன். மதினி திரையில் வந்தார், இடது கையால் போனைப் பிடித்திருந்தார். "செல்லம், அத்தை பேசுறேன்" என்றார். ரூபி வாயைத் திறந்தாள். நான் தட்டை என் பக்கம் இழுத்து, ஓர் உருண்டை பிடித்து, திறந்த வாயில் வைத்தேன். ரூபி திகைத்துப்போய் மென்றாள். "வாயில வச்சுக்கிட்டுப் பேசக் கூடாதும்மா, புரையேறும்" என்றேன், திரையைப் பார்த்தபடி. மதினிக்குப் புரிந்துவிட்டது. நான் அடுத்த உருண்டை கொடுத்தேன், அதற்கடுத்ததும் கொடுத்தேன். என் கை போகும் ஒவ்வொரு தடவையும் திரையில் அவருடைய வாய் மெல்லத் திறந்து மூடியது; அவருக்குத் தெரியாமலேதான்.

நான்காவது உருண்டைக்கு ரூபி என் கையைத் தள்ளிவிட்டாள். வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினாள். தட்டுக்குள் கையை விட்டு, குவித்து, நல்ல உருண்டையாக ஒன்று பிடித்தாள். அதைத் தூக்கிப் போன் பக்கமாகக் கொண்டுபோனாள். அங்கே மதினியின் வாய் திறந்திருந்தது. கண்ணாடியில் இடித்ததும் அவள் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். உருண்டை அவள் விரலில் அப்படியே இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், இந்தப் பக்கம் என் வாயும் திறந்திருந்தது.